விழுந்தாலும் கேட்கும்

ஆகஸ்ட் 11, திங்கள்

வருடப் பிறப்புக்கு இவருக்கு மில்லில் கொடுத்த டைரி பீரோ மேல் சும்மா கிடந்தது. முன்பக்கங்களை எல்லாம் விட்டுவிட்டு இன்றிலிருந்து எழுதுகிறேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. பகலில் என்னென்ன செய்தேன் என்பது சாயங்காலம் எனக்கே சரியாகத் தெரிவதில்லை. எழுதி வைத்தால் தெரியும்.

காலையில் பால் பொங்கிக் கருகிவிட்டது. நான் அடுப்புக்கு எதிரிலேயேதான் நின்றிருந்தேன். கண் திறந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். அத்தை ஓடி வந்து அடுப்பை அணைத்தார்.

"ஏனம்மிணி, பக்கத்துல நின்னுட்டே பாலக் கருக்கறயே, நெனப்பு எங்க இருக்குது?"

"கொழந்த அழுதாளோன்னு பாத்தனுங்க அத்தை" என்றேன்.

ஆதிரை அழவில்லை. தொட்டிலில் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு கிடந்தாள்.

அவளுக்கு எட்டு மாதம். கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கம் வருவது சகஜம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அவள் பிறப்பதற்கு முன்னாலும் எனக்கு இப்படித்தான். திருப்பூர் எம்ப்ராய்டரி கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி, முடித்து வைத்த டிசைனை அழித்திருக்கிறேன். கல்யாணத்துக்காக நானே வேலையை விட்டேன் என்று இந்த வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

துணி துவைத்தேன். சாயங்காலம் பீரோவைத் திறந்தால் துவைத்த துணியெல்லாம் ஈரத்தோடு மடித்து அடுக்கியிருக்கிறது. அடுக்கியது நான்தான், வேறு யார். அத்தை பார்ப்பதற்குள் எடுத்துக் கொடியில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இவருக்கு விடுமுறை. பூபதி என்றால் மில்லில் எல்லாருக்கும் சிரிப்பு வரும். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் என்பது பெயருக்குத்தான், ஷிஃப்ட் முடிந்தும் ஆட்கள் இவரைச் சுற்றி நின்றுகொண்டு கதை கேட்பார்களாம். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, தரகர் எழுந்து வெளியே போனதும் அவர் மாதிரியே பேசிக் காட்டினார். என் அப்பாகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சரி என்று சொன்னது அதற்காகத்தான்.

இன்று மத்தியானம் இட்லிப் பொடி தீர்ந்ததைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். ஆரம்பத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். கூடத்தில் அவர் பேச்சு பாதியில் நின்றது.

"முன்னெல்லாம் என்ற கதைக்கு உருண்டு உருண்டு சிரிப்பா. இப்ப எந்திரிச்சுப் போயிடறா" என்று அத்தையிடம் சொன்னது கேட்டது.

சிரிப்பு வந்தால் எனக்கு முதலில் தாடை தொங்குகிறது. அப்புறம் கழுத்து. அப்புறம் முழங்கால் இரண்டும் விட்டுப்போகின்றன. சுவரைப் பிடித்துக்கொண்டு, வேறு எதையாவது நினைத்து, சிரிப்பை உள்ளே தள்ளிவிட்டால் சரியாகிவிடும். ஆதிரை வயிற்றில் இருந்தபோது தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற மாதிரியான வியாதியா இது?

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆதிரைக்கு நெற்றியில் சின்ன வீக்கம். கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டாள். அத்தையிடமும் இவரிடமும் அப்படித்தான் சொன்னேன். மஞ்சள் பற்றுப் போட்டோம். பால் குடித்தாள், வாந்தி ஒன்றும் இல்லை.

இன்று காலை தன் தும்மலுக்குத் தானே பயந்து, என் முகத்தைப் பார்த்து, பிறகு தானே கெக்கெக்கே என்று சிரித்தாள். முதல் தடவை இப்படிச் சிரிக்கிறாள். பார்க்க அத்தனை நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

இனி ஆதிரையைத் தரையில் உட்கார்ந்துதான் தூக்குவது. நின்றுகொண்டு தூக்குவதில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அரிசியும் உளுந்தும் ஊறவைத்தேன். அத்தை சந்தைக்குப் போயிருக்கிறார். ஆதிரை பருப்புச் சோறு இரண்டு வாய் வாங்கினாள், அடுத்த வாயைத் துப்பினாள். இவர் சட்டைக்குப் பட்டன் தைக்க வேண்டும், நீல நூல் கிணற்றில் இருக்கிறது, அதை எடுத்து மாடிக்குக் கொடுத்தால் பஸ் தானாக மடிந்துகொள்ளும், சித்தப்பா பல் சித்தப்பா

மேலே உள்ள கடைசி வரிகளை எழுதிய ஞாபகம் எனக்கு இல்லை. எழுத்து என்னுடையதுதான். கோட்டை விட்டுக் கீழே சரிந்துகொண்டே போயிருக்கிறது. எங்கள் வீட்டில் கிணறு கிடையாது.

செப்டம்பர் 4, வியாழன்

மத்தியானம் ஆதிரையைப் பக்கத்தில் போட்டுப் படுத்திருந்தேன். விழிப்பு வந்தது. கை கால் எதுவும் அசையவில்லை. நிலைப்படியில் ஓர் ஆள் நின்றிருந்தான். முகம் தெரியவில்லை. மெதுவாக வந்து ஆதிரை மேல் குனிந்தான். கத்துகிறேன், சத்தம் வரவில்லை. அவள் புரண்டு கையால் என் வாயில் அடித்தாள். உடனே உடம்பு வந்துவிட்டது. ஆளும் இல்லை.

அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் உடனே சேலையை மாற்றிக்கொண்டு போய், சாயங்காலம் ஒரு கறுப்புக் கயிறு கொண்டுவந்து என் கையில் கட்டினார்.

"வெளிய சொல்லிப்போடாத அம்மிணி. எல்லாம் சரியாயிரும்."

கட்டியதும் இரண்டடி தள்ளிப் போய் நின்றார். என்னைப் பார்த்தே பயப்படுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இனிமேல் ஆதிரையைத் தானே குளிப்பாட்டுவதாகச் சொன்னார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டரிடம் இவர் கூட்டிப்போனார். டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் கம்மி என்றார்.

"மனசு எப்படி இருக்கு? நல்லா சிரிச்சுப் பேசறீங்களா?"

"சிரிக்கிறதில்லீங்க" என்றேன்.

தலையாட்டிக்கொண்டு, இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீழே மனசுக்கு என்று இன்னொரு மாத்திரையும் எழுதினார். ஏன் சிரிப்பதில்லை என்று அவரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது மாத்திரையை நான் வாங்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மழைச்சாரல். இரண்டு நாளாக மூக்கு ஒழுகிற்று, கையெல்லாம் தடித்துத் தடித்து அரித்தது. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி இவர் மாத்திரை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் ஒன்று போட்டேன். ஆதிரைக்குக் கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அத்தை எழுப்பியபோது மத்தியானம். ஆதிரை அவர் இடுப்பில் இருந்தாள். முழங்காலும் உள்ளங்கையும் சேறு. கேட் வரைக்கும் தவழ்ந்து போயிருக்கிறாள். கேட்டுக்கு அப்பால் லாரி போகிற ரோடு.

அத்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்சாவுக்குப் போன் போட்டார். அம்சா இவருடைய தங்கை, உடுமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

அம்சா வந்திருந்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம். ஆதிரை அத்தை மடியில்.

தங்கையைப் பார்த்ததில் இவருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. மில்லில் தீயணைப்புப் பயிற்சி நடந்ததாம். மேனேஜர் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, சிலிண்டரை எப்படிப் பிடிப்பது என்று பாடம் நடத்தி, குழாயைத் திருப்பிப் பிடித்துத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டுவிட்டார். புருவம் மீசையெல்லாம் வெள்ளைப் பொடி. ஆனாலும் குரலில் ஒரு மாற்றமும் இல்லையாம். இவர் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குரலிலேயே சொன்னார்: "இப்பிடிப் பண்ணக் கூடாதுங்கறதக் காட்டறதுக்குத்தான் இதப் பண்ணினேன்."

நான் ரசப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தேன். சுவர் எட்டவில்லை.

விழுந்தேன். ரசம் அம்சாவின் சேலையில் கொட்டிவிட்டது, நல்லவேளை ஆறியிருந்தது. மயக்கம் என்றார்கள். பாயில் படுக்க வைத்தார்கள். ஏதேதோ பேசிக்கொண்டார்கள். நான் எழ முயன்றால் அம்சாவின் சேலையும் மேனேஜரின் புருவமும் ஞாபகம் வந்து மறுபடி விட்டுப்போயிற்று. அப்புறம் அது நின்றது. எழுந்து உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க" என்றேன்.

செப்டம்பர் 22, திங்கள்

இடது கை உள்பக்கம் கன்றிப்போய்ச் சின்னதாக ஒரு தடம். விழுந்ததில் பட்டிருக்கும்.

நேற்றுப் பாயில் கிடந்தபோது காதில் விழுந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

அம்சா ஆதிரையைக் கூட்டிக்கொண்டு போனாள். "ரெண்டே வாரம்ங்க அண்ணி. நீங்க நல்லாத் தூங்கி உடம்பத் தேத்திக்கங்க." இவர் பையைத் தூக்கிக் காரில் வைத்தார். ஆதிரைக்குக் கார் என்றால் பிடிக்கும். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரிங்க என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது. கேட்டை நானே சாத்தினேன்.

சாயங்காலம் இரண்டு ரவிக்கை மாற்றவேண்டியதாயிற்று.

செப்டம்பர் 30, செவ்வாய்

பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சிச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றுகிறேன். வற்றிவிட்டால் வந்ததும் குடிக்க மாட்டாள். அத்தை ஜன்னலிலிருந்து பார்க்கிறார்.

இந்த வாரம் ஒரு தடவைகூட விழவில்லை. வீட்டில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இரண்டு வாரம் முடிந்துவிட்டது. "இன்னுங் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்" என்று இவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவர் மில்லுக்குப் போனதும் நான் மட்டும் கிளம்பிக் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னப் பெண், என்னைவிட வயது குறைவாகக்கூட இருக்கும், டாக்டர். ரத்தம் கம்மி என்று அவளும் ஆரம்பித்தாள். சீட்டைக் கிழிக்கப் போனபோது எனக்கு என்ன தோன்றிற்றோ, சொல்லிவிட்டேன்.

"சிரிச்சா விழுந்தர்றனுங்க."

அவள் பேனா நின்றது. "என்ன சொன்னீங்க?"

தாடை, கழுத்து, முழங்கால் எல்லாவற்றையும் சொன்னேன். நிலைப்படியில் நின்ற ஆளைச் சொன்னேன். ஈரத்துணியைச் சொன்னேன். கிணற்றில் இருந்த நீல நூலைச் சொன்னதும் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற கூட்டத்தைக் கொஞ்சம் இருக்கச் சொன்னாள்.

"குழந்தையைக் கையில வெச்சிருக்கும்போது விழுந்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். பிறகு ஆமாம் என்றேன்.

கோயம்புத்தூரில் நரம்பு டாக்டர் ஒருவர் பெயரை எழுதிக் கொடுத்தாள். "கட்டாயம் போங்க. வீட்ல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

அக்டோபர் 15, புதன்

கோவை ஆஸ்பத்திரியில் தூக்கப் பரிசோதனை. சீட்டைக் காட்டியிருந்தேன், இவர் லீவு போட்டு வந்திருந்தார். தலையெல்லாம் ஒயர். பகலில் விளக்கை அணைத்துப் படுக்கச் சொல்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் எழுப்பி உட்காரவைத்து, மறுபடி படுக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் படுத்ததும் தூங்கினேன், தூங்கியதும் கனவு. ஒயரை மாட்டிய பெண், "இவ்வளவு சீக்கிரம் கனவுக்குள்ள போறவங்களை நான் பார்த்ததே இல்லக்கா" என்றாள். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒயர் ஒட்டிய பசையோடு என் தலைமுடி நின்ற கோலத்துக்கு முன்பென்றால் ஏதாவது சொல்லியிருப்பார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்சாவும் அவள் வீட்டுக்காரரும் ஆதிரையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பல் முளைத்திருக்கிறது. நான் கை நீட்டியதும் அம்சாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரத்துல வந்துருவாளுங்க அண்ணி" என்று அம்சா சொன்னாள். அவளுக்குத்தான் கண் கலங்கிற்று.

மத்தியானம் உள்ளறையில் படுத்தபடி கொடுத்தேன், குடித்தாள். சாயங்காலம் போய்விட்டார்கள். வெடிச் சத்தத்துக்குக் குழந்தை பயப்படும், உடுமலையில் அவ்வளவு சத்தம் இல்லை என்றார் அத்தை.

அக்டோபர் 24, வெள்ளி

டாக்டர் ஷாஹிதா. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ரிப்போர்ட்டை மேஜையில் விரித்துவைத்துவிட்டு எங்களைப் பார்த்துப் பேசினார்.

"இது சோம்பேறித்தனம் இல்ல. மனசு கெட்டுப்போனதும் இல்ல. பேய் பிசாசும் இல்ல. இதுக்கு நார்கோலெப்சின்னு பேரு. முழிப்பையும் தூக்கத்தையும் தனித்தனியா பிடிச்சு வைக்கிற ஒரு பொருள் மூளையில சுரக்கணும். உங்களுக்கு அது சுரக்கிறதில்ல. அதனால ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துபோகுது. கனவு காணும்போது எல்லாருக்கும் உடம்பு மரத்துப்போகும். உங்களுக்கு முழிச்சிருக்கும்போது, அதுவும் சிரிப்பு வந்தா, அந்த மரத்துப்போறது மட்டும் தனியா வந்துடுது."

சளிக்கு மாத்திரை போட்ட அன்று நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கு வெளியே ரோடு என்பதையும் சொன்னேன்.

"தூக்கம் வந்திருக்கும். ஹிஸ்டமின்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கீங்களா? மூக்குல ஒழுக வைக்கிறது, தோல்ல தடிக்க வைக்கிறது எல்லாம் அதுதான். அதே பொருள் மூளையில வேற வேலை பண்ணுது. நம்மளை முழிச்சிருக்க வைக்குது. அந்த மாத்திரை மூக்குக்கு மட்டும் போகாது, மூளைக்கும் போய் அதைத் தடுத்துடும். உங்களுக்கு ஏற்கெனவே முழிப்புக்கு ஆதாரம் கம்மி. இருந்த கொஞ்சத்தையும் அது எடுத்துடுச்சு. இனி அந்த வகை மாத்திரை தொடாதீங்க. நான் குடுக்கப்போறது நேர் எதிர். மூளைக்குள்ள ஹிஸ்டமினைக் கூட்டற மாத்திரை."

இவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அப்ப மயக்கம் போட்டு உளுகறது நின்னுருங்களா டாக்டர்?"

"அது மயக்கமே இல்லங்க. குறையும். அடியோட நிக்கும்னு சொல்ல மாட்டேன். இந்த வியாதி உள்ள நாய்களை வெச்சு இதைப் பார்த்திருக்காங்க. விழுந்து கிடக்கும்போது, மூளையில முழிப்புக்கான மத்த செல் எல்லாம் அடங்கிப்போகுது. ஹிஸ்டமின் செல் மட்டும் அப்பவும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. அதனாலதான் உடம்பு விழுந்தாலும் நினைவு விழறதில்ல. இவங்களால கண்ணைத் திறக்க முடியாது, பேச முடியாது, விரலை அசைக்க முடியாது. ஆனா எல்லாம் கேக்கும். தொட்டாத் தெரியும். வலிச்சா வலிக்கும்."

என்னைப் பார்த்து, "அப்படித்தானேம்மா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாத்திரையைத் தொடங்கினால் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டுமாம். குழந்தைக்கு என்ன ஆகும் என்று இன்னும் சரியாகத் தெரியாதாம். சிரிப்பு வரும் என்று தெரிந்தால் உடனே உட்கார்ந்துகொள்ளச் சொன்னார். குழந்தையைக் கொஞ்சும்போது தரையில் மெத்தை போட்டுக் கொஞ்சச் சொன்னார்.

"சிரிக்காம இருக்கச் சொல்லலீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?"

பஸ்ஸில் பல்லடம் வரும்வரை இவர் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டித் திரியாக்கிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 25, சனி

இப்போது எழுதுகிறேன்.

ரசம் கொட்டிய அன்று, நான் பாயில் கிடந்தபோது அத்தை சொன்னது: "இவகிட்ட கொழந்தைய உட்டா ஒரு நா கொன்னுபோடுவா. நா கண்ணால பாத்துட்டேன் சாமி, கேட்டுக்குப் பக்கத்துல கெடந்தா கொழந்த."

அம்சா சொன்னது: "நான் கூட்டிட்டுப் போறண்ணா. அண்ணிக்கு நல்லாகற வரைக்கும்."

இவர் சொன்னது: "நடிக்கிறாம்மா. வேலைக்குப் பயந்துட்டு. நெத்தி வீங்கினப்பவும் பொய்தான் சொன்னா. கூட்டிட்டுப் போ அம்சா. இவ ரெண்டு நா அழுதாத் தானாச் சரியாயிரும்."

சொல்லிவிட்டு, என் இடது கையைத் திருப்பி, உள்பக்கம் சதையைப் பிடித்துக் கிள்ளினார். நன்றாக, திருகி. நான் கத்தினேன். சத்தம் வரவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

விடிந்ததும் இவர் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டார். மத்தியானம் ஆதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே அம்சா. ஒரு பையில் குழந்தைத் துணி, இன்னொரு பையில் என் பழைய நைட்டி ஒன்று.

"சொல்லாம எடுத்துட்டுப் போயிட்டனுங்க அண்ணி. இதப் பக்கத்துல போட்டாத்தான் தூங்குவா. தொவைக்கவே இல்ல, தொவைச்சா வாசம் போயிரும்னு."

நைட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு மாதம் என் பிள்ளையை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டவள். அதையும் நினைத்தேன். என்னிடமிருந்து கொண்டுபோனவள். அதையும் நினைத்தேன். "வாரா வாரம் வா அம்சா" என்றேன். அதைச் சொல்லும்போது முழு மனதாகத்தான் சொன்னேனா என்று தெரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கடைசிப் பால். நாளையிலிருந்து மாத்திரை. ஒரு மாதம் பீய்ச்சி வற்றாமல் வைத்திருந்ததெல்லாம் இந்த ஒரு வாரத்துக்குத்தான். ஆதிரை குடித்துவிட்டுப் புதுப் பல்லால் கடித்தாள். நான் விலக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

தலைவலி. மார்பு கல் மாதிரி கட்டியிருக்கிறது. ஆதிரை ரவிக்கையைப் பிடித்து இழுத்து அழுகிறாள், புட்டியைத் தட்டிவிடுகிறாள். ஆனால் காலையில் தோசை வார்த்தேன், முதல் தோசையிலிருந்து கடைசித் தோசை வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

அத்தை முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். பாதிக் கீரை உருவியதும் கேட்டார்.

"டாக்டரம்மா சொன்னாங்களாமே, பூபதி சொன்னான். அப்ப அன்னிக்கு நா சொன்னதும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க அத்தை."

கீரையை உருவிக்கொண்டே இருந்தார். இலையோடு காம்பும் சேர்ந்து விழுந்தது.

"பயந்துபோயிட்டேன் அம்மிணி. பயத்துல வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டேன்."

"நீங்க பாத்ததத்தானுங்க சொன்னீங்க" என்றேன். அது உண்மை. கேட் வரைக்கும் அவள் தவழ்ந்து போனது உண்மைதானே. சாயங்காலம் அத்தை ஆதிரையின் எண்ணெய்க் கிண்ணத்தையும் துண்டையும் என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். உட்கார்ந்து, காலை நீட்டி, காலில் போட்டுக் குளிப்பாட்டினேன்.

இவர் பேசுவதில்லை. சாப்பாடு, தண்ணி, மாத்திரை போட்டாயா, அவ்வளவுதான். என் இடது பக்கம் உட்காருவதே இல்லை. கதை எதுவும் சொல்வதில்லை. சிரிக்கவைத்தால் விழுந்துவிடுவேன் என்றா, வேறு எதற்கா? நானும் கேட்கவில்லை. கேட்டால் நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நவம்பர் 19, புதன்

பால் முழுக்க நின்றுவிட்டது. பகலில் ஒரே ஒரு தடவை தூங்கினேன், அதுவும் நானாகப் படுத்து.

நவம்பர் 23, ஞாயிறு

அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். நான் கூடத்தில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் ஏணியில் ஏறி நின்று ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆதிரை நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிறாள். நின்றாள். நின்ற சந்தோஷத்தில் 'டர்' என்று சத்தமாக விட்டாள். விட்டது யார் என்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. நாற்காலியைப் பார்த்தாள். பிறகு ரொம்பக் கோபமாக அவள் அப்பாவைப் பார்த்தாள்.

சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடிக்கவில்லை, வேறு எதையும் நினைக்கவில்லை. வரட்டும் என்று விட்டேன். தாடை, கழுத்து, எல்லாம் போயிற்று. மடித்த துணியின் மேல் அப்படியே சரிந்தேன். கண் மூடிக்கொண்டது.

ஏணியிலிருந்து இவர் இறங்கும் சத்தம். ஆதிரையைத் தூக்கித் தொட்டிலில் விடுகிற சத்தம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தலையை மெதுவாகத் தூக்கி, மூக்கு துணியில் அழுந்தாமல் திருப்பி வைத்தார். கையில் ஃபேன் தூசி வாசனை.

"கோகிலா."

துடைக்கிற துணியைத் தரையில் போட்டார்.

"கேக்குதுல்ல? கேக்கும்னுதான டாக்டர் சொன்னாங்க. நீ எந்திரிச்சு மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வர்றதில்ல. அதான், இப்பவே சொல்லிப்போடறேன்."

தொட்டிலில் ஆதிரை எதையோ தட்டினாள்.

"அன்னிக்குக் கிள்ளினேன். நொந்திருக்கும். எங்கப்பா ஒரு நா சாப்புட்டுட்டு எந்திரிச்சவரு இப்பிடித்தான் உளுந்தாரு. அப்பறம் எந்திரிக்கவே இல்ல. எனக்குப் பன்னண்டு வயசு. நீ ரசத்தோட உளுந்தப்ப எனக்கு அதுதான் கண்ணுக்கு முன்னால நின்னுச்சு. நடிப்பா இருக்கோணும்னு நெனச்சேன் புள்ள. நடிப்புன்னா நோவு இல்லீல. கிள்ளினா ஆன்னு கத்தீட்டு எந்திரிச்சு என்னத் திட்டுவீன்னு பாத்தேன். நீ அசையவே இல்ல. அதுக்கப்பறமும் கொழந்தையக் குடுத்து அனுப்பினேன் பாரு, அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

மூக்கை உறிஞ்சினார்.

"என்ற பேச்சுக்குத்தான் நீ உளுகறயாம். மில்லுலயும் நா இப்பப் பேசறதில்ல. பசங்க வந்து வந்து கேக்கறாங்க, என்னாச்சுங்க சூப்பர்வைசரேன்னு. என்னத்தச் சொல்லுவேன்? உடுமலையில இருந்து வர்றப்ப இவ பஸ்ஸு முழுக்க என்ற சட்டைப் பட்டனப் புடிச்சுக் கடிச்சுட்டே வந்தா. அம்சா அந்தப் பக்கம் அழுதுட்டு வர்றா. கண்டக்டர் என்னைய ஏதோ கடத்திட்டுப் போறவனப் பாக்கற மாதிரிப் பாக்கறான்..."

வலது கை விரல்கள் முதலில் வந்துவிட்டன. பிறகு கழுத்து. கண்ணைத் திறந்திருக்கலாம். திறந்தால் அவர் நிறுத்திவிடுவார். மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கை இன்னும் அந்த இடத்தில் வலிக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கண்டக்டர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

துணிக் குவியலில் அசையாமல் கிடந்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.